வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எனக்கு விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, தாய்லாந்தின் வடகிழக்கில் இசான் பகுதியில் ஒரு பள்ளியில் ஆறு ஆண்டு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன். ஊர் திரும்பியதிலிருந்து வாரத்துக்கு இரண்டு பேராவது போன் போட்டு இதைப் பற்றிக் கேட்கிறார்கள். கல்லூரி ஜூனியர்கள், சொந்தக்காரப் பிள்ளைகள், யாரிடமோ நம்பர் வாங்கியவர்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். விசா விதிகள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரமெல்லாம் "நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்" என்கிறது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு வேலை கிடைக்குமா?

நேட்டிவ் ஸ்பீக்கர் என்றால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். நமக்கும் வேலை கிடைக்கும். ஆனால் எல்லா நாட்டிலும் இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஆறு மாதம் மிச்சம்.

தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசா ஏழு நாட்டவருக்கானது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா வர்த்தக ஒப்பந்தத்தில் நமக்கும் ஒரு சின்னக் கதவு உண்டு. ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர் பள்ளியில் துணை ஆசிரியராகலாம். அந்த வழியில் போகிறவர்கள் மிகக் குறைவு. சீனாவிலும் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டவர் என்பதுதான் பொது விதி. 2021 ஜூலையில் லாபத்துக்கு நடத்தும் டியூஷன் மையங்களுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு வந்த பிறகு வேலையும் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

ஜப்பானில் பாஸ்போர்ட்டின் நிறத்தைவிட படித்த விதம் முக்கியம். 12 ஆண்டாவது ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்தது கணக்கில் வராது. எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில மீடியம் படித்தவர்கள் பள்ளியில் அதற்கு ஒரு சான்றிதழ் வாங்கிவைத்துக்கொண்டு முயற்சி செய்யலாம். என்னைப் போலத் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, இன்றும் உண்டு.

தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா மூன்றிலும் இந்தியர்கள் சட்டப்படி வேலை பார்க்கிறார்கள். மாலத்தீவு தனிக் கணக்கு. அங்கே பள்ளிகள் ஆங்கில வழியில் நடக்கின்றன, தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் பல பத்தாண்டுகளாகப் போய்வருகிறார்கள். ஆனால் பாடத்தில் பட்டமும் பி.எட்.டும் வேண்டும்.

அப்படியென்றால் முதலில் எந்த நாடு?

பி.எட். இருந்தால் மாலத்தீவு, இல்லையென்றால் தாய்லாந்து அல்லது வியட்நாம். இது என் கருத்துதான். வளைகுடாவில் உள்ள சிபிஎஸ்இ பள்ளிகளும் ஆள் எடுக்கின்றன, ஆனால் அங்கே பி.எட்.டோடு இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்பது வழக்கம். அதனால் அது இரண்டாவது வேலைக்கு ஏற்றது.

நான் பி.இ. மெக்கானிக்கல். இங்கிலீஷ் மேஜர் இல்லை, பரவாயில்லையா?

தாய்லாந்திலும் வியட்நாமிலும் பரவாயில்லை. ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் இருந்தால் போதும். தாய்லாந்தில் பி.எட். இல்லாதவருக்கு ஆசிரியர் கவுன்சில் தற்காலிக அனுமதி தரும். அதை அங்கே குருசபா என்பார்கள். அனுமதி இரண்டு ஆண்டுக்கு, பள்ளிதான் விண்ணப்பிக்கும். அதை அப்படியே புதுப்பித்துக்கொண்டே காலம் ஓட்ட முடியாது. இந்த வேலையிலேயே நிலைக்க நினைத்தால் முதல் ஒப்பந்தத்திலேயே ஆசிரியர் பயிற்சிப் படிப்பு ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். நான் தள்ளிப்போட்டேன். நான்காம் ஆண்டில் அதற்காகவே ராத்திரி பகலாக உட்கார வேண்டிவந்தது.

பட்டமே இல்லாதவர்கள்: தயவுசெய்து போகாதீர்கள். "டிகிரி நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்" என்று யாராவது சொன்னால் அது போலிச் சான்றிதழ். அங்கே பிடிபட்டால் ஜெயில்.

டெசால், செல்டா என்கிறார்களே, எதைப் படிப்பது?

செல்டா கேம்பிரிட்ஜ் தரும் சான்றிதழ். சுமார் 120 மணி நேரப் படிப்பு. அதில் ஆறு மணி நேரம் நிஜமான மாணவர்கள் முன்னால் நின்று நடத்த வேண்டும், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். முழுநேரமாகப் படித்தால் நான்கு அல்லது ஐந்து வாரம். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் சான்றிதழும் இதே தரம். கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

அடுத்தது டெசால், அதாவது வேற்றுமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் பயிற்சி. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு 120 மணி நேரச் சான்றிதழ் கிடைக்கும். தாய்லாந்தின் பல பள்ளிகளுக்கு இது போதும். ஆனால் அதைப் படித்து முடித்த அன்று நீங்கள் ஒரு குழந்தைக்குக்கூட எதையும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டீர்கள். பணம் இருந்தால் செல்டா. இல்லையென்றால் இணையச் சான்றிதழோடு, உள்ளூரில் எங்காவது மூன்று மாதம் வகுப்பெடுத்துவிட்டுப் போங்கள். இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதி வீண். ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலக் கற்பித்தல் படிப்புகளையும் பாருங்கள். இந்த வேலைக்கு நம் நாட்டிலேயே உள்ள நல்ல இடம் அது.

அனுபவம் சுத்தமாக இல்லை. என்ன காட்டுவது?

நிஜமாகவே இல்லையா என்று யோசியுங்கள். 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தீர்களா? அது அனுபவம். தெருப் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் எடுத்தீர்களா? அதுவும்தான். எத்தனை பிள்ளைகள், என்ன வயது, வாரத்துக்கு எத்தனை நாள், எதைக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். அப்படி எழுதியிருந்த ஒரு பெண்ணைத்தான் எங்கள் பள்ளி பட்டமேற்படிப்பு முடித்த இருவரை விட்டுவிட்டு எடுத்தது.

ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டுமா?

ஆம். தாய்லாந்தில் வழக்கமாகக் கேட்பது டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வு. மொத்தம் 990க்கு 600 எடுக்க வேண்டும். நன்றாகப் படித்தவர்களுக்கு அது சிரமம் இல்லை. வியட்நாமில் இன்னும் உயர்ந்த நிலை, ஐரோப்பிய அளவுகோலின் ஆறு படிகளில் ஐந்தாவதான சி1 அளவுக்குத் தேர்ச்சி காட்டச் சொல்வார்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினால் அதன் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். அதனால் மற்ற காகிதமெல்லாம் தயாரான பிறகு எழுதுங்கள்.

என்னென்ன சான்றிதழ் தயார் செய்ய வேண்டும்?

பட்டம், மதிப்பெண் பட்டியல், காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று. நன்னடத்தைச் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். பட்டத்துக்கு மாநில அரசின் சான்றொப்பம், அதற்கு மேல் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, பிறகு நாட்டைப் பொறுத்து அந்தத் தூதரகத்தின் முத்திரை. ஒரு நாடு ஆவணத்தில் ஒட்டும் சான்றை மற்ற உறுப்பு நாடுகள் அப்படியே ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005இலிருந்து இருக்கிறது. போகிற நாடும் அதில் இருந்தால் அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஒட்டியதோடு வேலை முடியும். இதற்கெல்லாம் ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

இதில் நம்மவர்களை மட்டும் பிடித்து ஆட்டும் ஒரு பிரச்சினை இருக்கிறது: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "ச. முருகேசன்", பட்டத்தில் "முருகேசன் ச", பாஸ்போர்ட்டில் "முருகேசன் சண்முகம்". நமக்கு மூன்றும் ஒரே ஆள். பாங்காக்கில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு மூன்று ஆட்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, "உங்கள் பட்டத்தில் குடும்பப் பெயர் எங்கே?" என்பார். என் கோப்பு இதற்காகவே ஐந்து வாரம் கிடந்தது. எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று ஆங்கிலத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, பட்டத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள், பெயரை எப்படிப் போடுவது என்று இப்போதே யோசியுங்கள்.

வேலையை எங்கே, எப்போது தேடுவது?

தாய்லாந்தில் கல்வியாண்டு மே நடுவில் தொடங்கும், இரண்டாம் பருவம் நவம்பரில். எனவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். வியட்நாமின் மொழி மையங்கள் ஆண்டு முழுக்க ஆள் எடுக்கும்.

வேலைத் தளங்களில் விண்ணப்பிப்பது ஒருபுறம் நடக்கட்டும். அதைவிடப் பலன் தந்தது பள்ளிகளுக்கு நேரடியாக எழுதியது. பாங்காக், சியாங்மாய், புக்கெட் மூன்றுக்கும் உலகமே விண்ணப்பிக்கிறது. உடோன் தானி, கோன் கேன், உபோன் மாதிரி ஊர்களுக்கு எழுதுங்கள். நான் 62 மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பது பதில் வந்தது, மூன்று நேர்காணல், ஒரு வேலை. தற்குறிப்போடு ஒரு நிமிட வீடியோவும் அனுப்புங்கள். வெளிச்சம் முகத்தில் விழ, இஸ்திரி போட்ட சட்டையோடு, மெதுவாகப் பேசுங்கள்.

டெமோ வகுப்பு என்றால் பயமாக இருக்கிறது. என்ன எதிர்பார்ப்பார்கள்?

மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் முதல் டெமோ 15 நிமிடம், வீடியோ அழைப்பில். நிகழ் தொடர்காலம் நடத்தினேன். கல்லூரியில் எங்கள் பேராசிரியர் நடத்திய மாதிரியே: வரையறை, சூத்திரம், ஐந்து எடுத்துக்காட்டு, விதிவிலக்கு. ஒரு தப்பும் இல்லை. முடித்ததும் அந்தப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த 15 நிமிடத்தில் பிள்ளைகள் எத்தனை வார்த்தை பேசியிருப்பார்கள்?" யோசித்துப் பார்த்தேன். பூஜ்யம். வேலை கிடைக்கவில்லை.

அடுத்த டெமோவுக்கு முந்தின நாள் சந்தைக்குப் போய் அரை கிலோ கத்தரிக்காய், நாலு தக்காளி, ஒரு சுரைக்காய் வாங்கிவந்தேன். மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் விலைச் சீட்டு வைத்தேன். கேமராவுக்கு அந்தப்பக்கம் மாணவர்களாக நடித்த மூன்று ஆசிரியைகளிடம், "உங்களிடம் 50 பாட் இருக்கிறது, இரவுச் சமையலுக்கு வாங்குங்கள்" என்றேன் (பாட் என்பது தாய்லாந்துப் பணம்), அவ்வளவுதான். "ஹவ் மச்?" என்று ஒருவர் ஆரம்பித்தார். இன்னொருவர் பேரம் பேசினார். பணம் போதாமல் சுரைக்காயைத் திருப்பிக் கொடுக்கும்போது மூன்றாமவருக்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அந்த இடத்தில் நிறுத்தி அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதினேன். நான் பேசியது நான்கு நிமிடம்கூட இருக்காது. மறுநாள் வேலை உறுதி என்று மின்னஞ்சல் வந்தது.

பிறகுதான் தெரிந்தது, இந்த முறைக்கு நம் ஊரோடு தொடர்பு இருக்கிறது என்று. இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி எதையாவது கொடுத்து ஒரு வேலையை முடிக்கச் சொல்லி, அதன் வழியே மொழியைப் பழக்கும் பாணி உலகம் முழுக்க இன்று புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு வழிகாட்டிய பெரிய பரிசோதனைகளில் ஒன்று 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு நடத்தியது. பெங்களூர், சென்னை, கடலூர் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளில் நடத்தினார். நேர்காணலில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

என் உச்சரிப்பு தமிழ் வாடையாக இருக்கிறதே?

வாடை இருக்கட்டும், தெளிவு வேண்டும். நிறுத்தி, கடைசி எழுத்தை விழுங்காமல் பேசுங்கள். அமெரிக்கர் மாதிரி நடிக்க வேண்டாம். இரண்டாவது நிமிடம் பிசிறிவிடும்.

இன்னொரு மொழிக்காரர் எங்கே தடுக்கி விழுவார் என்பது நமக்கு உடம்பிலேயே தெரியும். நம் பாட்டிமார் "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்" என்பார்கள். தாய்லாந்துப் பிள்ளைகள் "சகூல்" என்பார்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு மெய்யெழுத்தைத் தாண்ட நாம் முன்னால் ஓர் உயிரெழுத்தைப் போட்டோம், அவர்கள் நடுவில் போடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். "ரைஸ்" அவர்கள் வாயில் "லை" ஆகும், கடைசி ஸகரம் காணாமல் போகும். தாய்லாந்து மொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது என்பதால் "யெஸ்டர்டே ஐ கோ" என்றுதான் வரும். இந்த வலி படாமலே ஆங்கிலம் பேசப் பழகியவரைவிட, பட்டுக் கற்ற ஆசிரியர் இதை நன்றாகச் சரிசெய்வார் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஆங்கிலம் கற்பிப்பவர்களின் உலக அமைப்பு ஒன்றுக்கும் டெசால் என்றுதான் பெயர். அது, தாய்மொழி பார்த்து ஆசிரியரை ஒதுக்குவது தவறு என்று 2006இலேயே அறிக்கை விட்டிருக்கிறது.

ஏஜென்ட் மூலம் போகலாமா? "டூரிஸ்டாகப் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்.

வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் போதாது.

நான் முதல்முறை போனது அப்படித்தான். 80,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஓர் ஏஜென்ட் சுற்றுலாப் பயணியாக அனுப்பிவைத்தார். அம்மாவின் வளையல் அடகில் இருந்தது. ஏழு வாரம் வகுப்பெடுத்தேன். ஒர்க் பர்மிட் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்றார்கள். சம்பளத்தில் பாதி வந்தது. குடியேற்ற அதிகாரிகள் சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்த அன்று என்னைப் பின்வாசல் வழியாக அறைக்குப் போகச் சொன்னார்கள். ஓர் ஆசிரியன் தன் மாணவர்கள் பார்க்கப் பின்வாசல் வழியாக ஓடக்கூடாது. அந்த வாரமே ஊருக்குத் திரும்பிவிட்டேன். மேலே சொன்ன 62 மின்னஞ்சல் அதற்குப் பிறகுதான்.

தாய்லாந்தில் அனுமதியில்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், அப்புறம் இரண்டு ஆண்டு ஒர்க் பர்மிட் கிடையாது. உள்ளே போய் விசாவை மாற்றும் வழி சிலருக்கு அமைகிறதுதான். ஆனால் பர்மிட் கைக்கு வரும்வரை வகுப்பில் நிற்பதே குற்றம். சரியான வழி: பள்ளி காகிதங்களை அனுப்பும், நீங்கள் தாய்லாந்தின் இ-விசா இணையதளத்தில் விண்ணப்பித்து, வேலைக்கான நான்-இமிகிரண்ட் பி விசா வாங்குவீர்கள், போய் இறங்கி ஒர்க் பர்மிட், பிறகு ஓராண்டு நீட்டிப்பு.

ஏஜென்ட் வேண்டும் என்றால் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடுங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். 1978இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் பதிந்துவையுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பக்கம் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கிறார்கள். 2022இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். பள்ளியின் பெயர் சொல்லாத வேலை, டெமோ கேட்காத வேலை, மியான்மர் எல்லையோரத் தாய்லாந்து ஊரான மே சோட்டுக்கு வரச் சொல்லும் வேலை: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

சம்பளம் எவ்வளவு? மிச்சம் பிடிக்க முடியுமா?

தாய்லாந்தில் எனக்கும் என்னோடு இருந்த இந்தியர்களுக்கும் தொடக்கத்தில் 20,000 முதல் 30,000 பாட் வரை. ஒரு பாட்டை இரண்டரை ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊரில் அறை வாடகை 3,000, 4,000 பாட். சமைத்துச் சாப்பிட்டால் மாதம் பத்தாயிரம் பாட் மிஞ்சும். அதே பள்ளியில் அதே வகுப்பெடுக்கும் ஐரோப்பியர் அதிகம் வாங்குவதைப் பார்ப்பீர்கள். அது அநியாயம்தான். முதல் ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கும்போது, பிள்ளைகளின் தேர்ச்சியைக் காட்டிப் பேசுங்கள். நான் பேசி 4,000 பாட் கூட்டினேன்.

ஒப்பந்தத்தில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: அது பத்து மாதமா, பன்னிரண்டா? ஏஜென்சி வழியாக எடுக்கும் பள்ளிகளில் மார்ச், ஏப்ரல் விடுமுறைக்குச் சம்பளம் இல்லாமல் போவது உண்டு. விசாச் செலவு யாருடையது, வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

என்னோடு வேலை பார்த்த தமிழ்ப் பெண்கள் மூவரும் தனியாக வந்தவர்கள்தான், நன்றாக இருந்தார்கள். வீட்டார் பள்ளியின் ஒருங்கிணைப்பாளரோடு ஒருமுறை வீடியோவில் பேசட்டும். நல்ல பள்ளி அதற்கு முகம் சுளிக்காது.

அங்கே ஆசிரியருக்கு மரியாதை உண்டா?

தாய்லாந்து மொழியில் ஆசிரியரை "க்ரூ" என்பார்கள். நம் "குரு"தான் அது. முதல் பருவத்தின் தொடக்கத்தில், பெரும்பாலும் ஜூனில் ஒரு வியாழக்கிழமை, "வாய் க்ரூ" என்று குரு வணக்க நாள் வரும். பிள்ளைகள் முழங்காலிட்டு வந்து பூத்தட்டு தருவார்கள். என் தட்டை வாங்கிக் குனிந்து பார்த்தால் அருகம்புல், இட்லிப் பூ, கத்தரிப்பூ. எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிற அதே மூன்றும். அருகம்புல் மாதிரி அறிவு படர வேண்டும், இட்லிப் பூவின் மொட்டு மாதிரி புத்தி கூர்மையாக வேண்டும், கத்தரிப்பூ மாதிரி தலை குனிந்த பணிவு வேண்டும் என்று பக்கத்து இருக்கை ஆசிரியை விளக்கினார். முந்தின ஆண்டு பின்வாசல் வழியாக ஓடியவன் நான். அந்தத் தட்டை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வேலை உறுதியாகிவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறேன். பெட்டியில் என்ன வைப்பது?

அசல் சான்றிதழ்கள் கைப்பையில், பெட்டியில் வேண்டாம். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இருபது. முதல் சம்பளம் வரும்வரை தாங்க இரண்டு மாதச் செலவுக்குப் பணம். முழுக்கைச் சட்டை, அடர்நிறப் பேன்ட். பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை, சுடிதாரைப் பல பள்ளிகள் ஏற்பதில்லை. எளிதில் கழற்றி மாட்டும் ஷூ, ஏனென்றால் நிறைய வகுப்பறைகளுக்கு வெளியே காலணியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். புளி அங்கேயே கிடைக்கும். சாம்பார்ப் பொடியும் பெருங்காயமும் எடுத்துக்கொள்ளுங்கள்.